லவீனா போட்ட அறிவித்தல்

புதன்கிழமை விடிய ஐந்து மணிக்கு ஜஸ்ரின் எடுத்த போன்கோல்தான் கடைசி. "எஞ்சின் நிண்டிட்டுது. நெடுந்தீவுக்கு வடமேற்காலை கிடக்கிறம். சோழகக் காத்துத் தள்ளுது. போனிலை சார்ஜ் இல்லை, சங்கத்துக்குச் சொல்லு" என்றான். பக்கத்தில் லெனாட் ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தமும் கேட்டது. அதோடு சரி. பிறகு எத்தனை தரம் அடித்தாலும் அந்த இலக்கம் கிடைக்காது என்று ஒரு பெண் மூன்று மொழியிலும் மரியாதையாகச் சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

அந்தக் கோலுக்குப் பதில் சொன்னவள் லவீனா, ஜஸ்ரினின் தங்கச்சி. குருநகரில் அண்ணன் வீட்டில்தான் அவளும் இருந்தாள். அண்ணனின் மனைவி றொசாந்தி, மூன்று வயதுப் பிள்ளை ஒன்று, அவள், அவ்வளவுதான் வீடு. லெனாட் பக்கத்து ஒழுங்கை. ஐந்து வருடமாக ஜஸ்ரினோடு ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவன்.

எட்டரை மணிக்குக் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் அடைக்கலநாதன் மோட்டச்சைக்கிளில் வந்து இறங்கினார். கடற்படைக்கு அறிவித்தாயிற்று, குருநகரிலிருந்து ஆறு வள்ளம் வெளிக்கிட்டாயிற்று என்றார். ஆனால் அவர் முகம் தெளியவில்லை.

"எங்கடை வள்ளங்கள் அங்கை போய்ச் சேரவே மத்தியானம் ஆகும், பிள்ளை. இந்தக் காத்துக்கு வள்ளம் வடக்குக் கரைப்பக்கம்தான் அள்ளுப்பட்டுப் போகும். மாதகல், சேந்தாங்குளம், மயிலிட்டி, அந்தத் துறையளிலை நிக்கிற வள்ளங்கள் இறங்கித் தேடினால்தான் சரி. உனக்குத்தானே உந்தக் கொம்பியூட்டர் வேலை எல்லாம் தெரியும். கெதியா ஒரு அறிவித்தல் செய்து எல்லாக் குறூப்பிலும் போட்டுவிடு."

"தண்ணி எவ்வளவு வைச்சிருக்கினம், அண்ணை?" என்று றொசாந்தி கேட்டாள்.

"ஒரு பிளாஸ்ரிக் கலன் இருக்கும். இண்டைக்குக் காணும். நாளைக்கு இந்த வெய்யிலுக்கு..." என்று சொல்லிக்கொண்டே மோட்டச்சைக்கிளில் ஏறினார்.

லவீனா லப்ரொப்பைத் திறந்தாள். யாழ்ப்பாணம் பட்டினத்தில் ஒரு மாடிக்கடையில் டிசைன் செய்கிறவள் அவள். டிசைன் என்றால் என்னவோ பெரிய விசயம் என்று நினைக்கவேண்டாம். பத்து வேலை வந்தால் எட்டு செத்தவீடு. மரண அறிவித்தல், கண்ணீர் அஞ்சலி, முப்பத்தோராம் நாள் அழைப்பு. இணையத்தில் சும்மா கிடைக்கிற டிசைன் தளம் ஒன்றில் சட்டகங்களைச் செய்து வைத்திருந்தாள். படத்தை மாற்று, பெயரை மாற்று, திகதியை மாற்று, முடிந்தது. அந்தச் சட்டகத்தின் இணைப்பை அனுப்பினால் ரொறன்ரோவில் இருக்கிற மகன் அங்கிருந்தபடியே "அப்பாவைக் கொஞ்சம் வெள்ளையாக்குங்கோ" என்று குறிப்புப் போடுவான், பாரிசில் இருக்கிற மருமகள் தன் பெயரை ஒரு வரி மேலே ஏற்றச் சொல்லுவாள். பிரேதத்தைக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் அறிவித்தல் உலகம் சுற்றிவிடும். பதினொரு நிமிடத்தில் ஒன்று செய்வாள் லவீனா. கடையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

அன்று ஏழு நிமிடத்தில் செய்தாள். நெஞ்சு படபடவென்று அடிக்கிறபோது தலை எங்கே வேலை செய்கிறது? கைதான் செய்தது. பழைய சட்டகத்தை எடுத்தாள். மெழுகுதிரியைக் கழற்றினாள், சிலுவையைக் கழற்றினாள். "மரண அறிவித்தல்" என்றிருந்த இடத்தில் "அவசர அறிவித்தல்" என்று அடித்தாள். அண்ணனின் கலியாணப் படத்தையும் லெனாட்டின் அடையாள அட்டைப் படத்தையும் பக்கம் பக்கமாக வைத்தாள். கீழே விரல்கள் தாமாகவே ஓடின. "குருநகரைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட அந்தோனிப்பிள்ளை ஜஸ்ரின், கபிரியேல் லெனாட் ஆகியோர் 17.06.2025 செவ்வாய்க்கிழமை கடலுக்குச் சென்ற நிலையில் இதுவரை கரை திரும்பவில்லை. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். தகவல்: குடும்பத்தினர்." போன் இலக்கம் சரியோ என்று இரண்டு தரம் பார்த்தாள். ஒன்பது பத்துக்குப் பதினாலு வட்ஸ்அப் குறூப்புகளுக்கு அனுப்பினாள். பேஸ்புக்கிலும் போட்டாள். அனுப்பிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள், பாவி.

கால்மணித்தியாலம் கழிய முதலாவது பதில் வந்தது. கும்பிட்ட இரண்டு கைகள். பிறகு இன்னும் இரண்டு கைகள். பிறகு வரிசையாகக் கைகள். கடவுளிடம் மன்றாடுகிறார்கள் என்று லவீனா நினைத்தாள். நல்ல சனங்கள் என்றுகூட றொசாந்தியிடம் சொன்னாள்.

அடுத்தது சுவிசிலிருந்து ஒரு மாமா. "ஆழ்ந்த அனுதாபங்கள். நல்லடக்கம் எப்ப?"

லவீனா அதை இரண்டாம் தரம் வாசித்தாள். "மாமா, ஒருத்தரும் சாகேல்லை. தேடுறம். வாசிச்சுப் பாருங்கோ" என்று அடித்தாள். அதை அனுப்புவதற்குள் லண்டனிலிருந்து "ஆத்மா சாந்தியடையட்டும்" வந்தது. அதற்குப் பதில் அடிப்பதற்குள் இன்னும் ஒன்பது வந்தது. வெளிநாட்டில் இருக்கிறவைக்குத் துக்கம் விசாரிக்க ஒரு பெருவிரல் போதும், வாசிக்கத்தான் இரண்டு கண் வேணும், அதுக்கு ஆருக்கு நேரம்? நாற்பது பேருக்குப் பதில் போட்டாள். நானூறு பேர் அதை அங்காலே அனுப்பிவிட்டிருந்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் இரண்டு படத்தையும் வெட்டி எடுத்து, கழற்றின மெழுகுதிரியைத் திரும்ப ஏற்றி, "கண்ணீர் அஞ்சலி" என்று தன் பெயரோடு புதிதாக ஒன்று செய்து போட்டிருந்தான்.

பத்தரை மணிக்கு ஒழுங்கை முகப்பில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. கொடிகாமத்திலிருந்து லூர்த்தம்மா மாமி ஓட்டோ பிடித்து வந்து இறங்கியிருந்தா. வெள்ளைச் சீலை. "என்ரை ராசா, எங்களை விட்டிட்டுப் போட்டியே" என்று தலையில் அடித்துக்கொண்டு வந்தா. பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்த றொசாந்தி அதைக் கேட்டாள். கரையிலிருந்து செய்தி வந்துவிட்டது என்றுதானே எவளும் நினைப்பாள். சோற்றுக் கோப்பை கையிலிருந்து விழுந்தது. அப்படியே சுவரோடு சரிந்து இருந்துவிட்டாள். பிள்ளை பயந்து கத்தியது. லவீனா ஓடிப்போய் மாமியின் வாயைக் கையால் பொத்தினாள். வயதில் மூத்த மனிசியின் வாயைப் பொத்துகிற அளவுக்கு வந்துவிட்டது அவளுக்கு.

மாமியை இருத்தித் தண்ணி கொடுத்து, றொசாந்தியையும் தேற்றி முடியப் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது, அப்போதுதான் அடைக்கலநாதன் கோல் எடுத்தார். குரல் இறங்கிக் கிடந்தது.

"பிள்ளை, வடக்குக் கரையிலை ஒரு வள்ளமும் இறங்கேல்லையாம்."

"ஏன், அண்ணை?"

"சாவெண்டு கேள்விப்பட்டிட்டினம். கடலிலை தொழிலாளி ஒருத்தன் செத்தால் அண்டைக்கு ஒரு துறையும் தொழிலுக்கு இறங்காது, உனக்குத் தெரியும்தானே. மரியாதைக்கு வள்ளங்களைக் கரையிலை இழுத்து வைச்சிட்டினம். ரெண்டு துறையிலை கறுப்புக்கொடியும் கட்டியாச்சாம்."

"ஆர் அவைக்குச் சாவெண்டு சொன்னது?"

"உன்ரை அறிவித்தல்தான், பிள்ளை. நானும் போனிலை பாத்தன். எனக்கே ஒருக்கால் நெஞ்சு திடுக்கிட்டுது" என்றார்.

கடையில் புதிதாக வருகிறவர்களுக்கு லவீனா சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. செய்து முடித்ததைப் பெருவிரல் நகமளவுக்குச் சுருக்கு. எழுத்து தெரியாமற் போனபிறகு அது என்ன சொல்லுதோ, அதைத்தான் சனம் பார்க்கும். அவள் தன் அறிவித்தலைச் சுருக்கினாள். சுற்றிவரக் கறுப்புக் கோடு. நடுவில் முட்டை வடிவத்தில் இரண்டு முகம். கீழே நாலு வரி. பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும். தகவல், குடும்பத்தினர். பச்சைப் பிள்ளைக்கும் தெரியும் அது என்னவென்று. அவளுக்குத்தான் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் பார்த்துப் பார்த்துக் கண் மரத்துப்போனவளுக்கு எப்படித் தெரியும்? எழும்பிப் பின்பக்கம் போனாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது றொசாந்தி வாசலில் நின்றாள். கையில் லவீனாவின் போன்.

"என்ரை மனிசனை நீயே சாக்காட்டிப் போட்டாய்" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"ஓம் மச்சாள். என்னைப் பிறகு என்னவும் செய்யுங்கோ. இப்ப எனக்கு வள்ளத்தின்ரை படம் ஒண்டு வேணும்."

"வள்ளத்தின்ரையோ?"

"ஓம். முகம் வேண்டாம். கடலிலை நிக்கிறவன் அண்ணையின்ரை முகத்தைத் தேடமாட்டான், வள்ளத்தைத்தான் தேடுவான்."

அனுப்பினதை அழிக்கலாம் என்று முதலில் பார்த்தாள். தான் போட்ட பதினாலையும், பேஸ்புக்கில் போட்டதையும் அழித்தாள். மற்றவன் மற்றவனுக்கு அனுப்பினதை எவன் அழிப்பான்? சந்தைக்குள் கொட்டின எண்ணெய் மாதிரி அது பரவிப்போயிற்று. அதைத் துரத்திப் பிரயோசனம் இல்லை, அதைவிடப் பலமாக ஒன்று போகவேணும். கண்ணை மூடிக்கொண்டு, யார் அதைப் பார்க்கப்போகிறான் என்று யோசித்தாள். வள்ளத்தில் நிற்கிற ஒரு மனிசன். பொலித்தீன் பைக்குள் போன். ஈரக் கை. வெய்யிலுக்கு ஒன்றும் தெரியாத திரை. அவன் வாசிக்கமாட்டான். காலமை இதை யோசிக்க ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் என்ற நினைப்பு வந்தது, அதை அப்படியே தள்ளிவிட்டாள்.

றொசாந்தி தன் போனில் தேடிப் படம் ஒன்று எடுத்துக் கொடுத்தாள். பிள்ளையின் பிறந்தநாளுக்கு வள்ளத்துக்கு முன்னால் நிறுத்தி எடுத்தது. பின்னணியை வெட்டுகிற தளம் ஒன்றில் போட்டுப் பிள்ளையையும் கரையையும் வெட்டி எறிந்தாள் லவீனா. மஞ்சள் வள்ளம், முன் அணியத்தில் சிவப்புப் பட்டி. அது மட்டும் திரை நிறைய நின்றது. பின்னால் தோடம்பழச் செம்மஞ்சள் நிறம் பூசினாள், செத்தவீட்டுக்கு ஒருத்தரும் அந்த நிறம் பூசமாட்டார்கள். மேலே கொட்டை எழுத்தில் ஒரு வரி. "உயிரோடை இருக்கினம். தேடுங்கோ." கீழே போன் இலக்கம். வேறு ஒரு சொல்லும் இல்லை.

அந்த வரியை அடித்துவிட்டுக் கை நின்றது. உயிரோடு இருக்கிறார்களோ என்று அவளுக்கு எப்படித் தெரியும்? விடிய ஐந்து மணிக்கு இருந்தார்கள். அதற்குப் பிறகு கர்த்தருக்குத்தான் தெரியும். இருந்தும் அழிக்காமல் விட்டாள்.

பிறகு இணையத்தில் ஒரு பக்கம் திறந்தாள், ஒரே பக்கம், ஒரே இணைப்பு. புதுச் செய்தி வந்தால் அந்த இடத்தில் மாற்றினால் போதும், கையில் இணைப்பு உள்ளவன் எல்லாரும் புதியதைத்தான் பார்ப்பான். அதில் கடல் வரைபடம் ஒன்றை ஏற்றி, கடைசியாகக் கதைத்த இடத்தையும் காற்றுப் போகிற திசையையும் குறித்தாள். கண்டவர்கள் எழுத ஒரு படிவம் வைத்தாள். எங்கே, எத்தனை மணிக்கு, இரண்டே கேள்வி. எல்லாவற்றுக்கும் கீழே இதையும் எழுதினாள். "காலமை வந்த கறுப்புக் கோட்டு அறிவித்தலைச் செய்தது நான். அது மரண அறிவித்தல் இல்லை. பிழை என்னுடையது. ஜஸ்ரினின் தங்கச்சி லவீனா."

"உதை ஏன் எழுதுறாய்? ஊர் உன்னைச் சும்மா விடுமே?" என்றா லூர்த்தம்மா மாமி.

"வள்ளம் இறங்கினால் காணும், மாமி."

கடைசியில் போனை றொசாந்தியின் வாய்க்குக் கிட்டப் பிடித்தாள். வாசிக்காதவனும் கேட்பான் என்றாள். றொசாந்தி கதைத்தாள். "நான் ஜஸ்ரின்ரை மனிசி கதைக்கிறன். என்ரை மனிசன் சாகேல்லை. மஞ்சள் வள்ளம், முன்னுக்குச் சிவப்பு. எங்களுக்காகக் கரையிலை நிக்காதேங்கோ. கடலிலை இறங்குங்கோ, கும்பிட்டுக் கேக்கிறன்." இருபது வினாடி. திருத்தவேயில்லை, அப்படியே அனுப்பினார்கள். மணி ஒன்றே முக்கால்.

மூன்று மணிக்கு மாதகலில் முதல் வள்ளம் இறங்கியது. நாலரைக்குள் முப்பத்திரண்டு. அடைக்கலநாதன் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லச் சொல்ல லவீனா அந்த இணையப் பக்கத்தில் எண்ணிக்கையை மாற்றிக்கொண்டிருந்தாள். பொழுதுபடுமட்டும் தேடினார்கள். கடல் பெரிசு, மூன்று மணித்தியாலம் எம்மாத்திரம்? கடற்படைக்கும் குருநகரிலிருந்து போனவைக்கும்கூட ஒன்றும் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை காலமை ஏழு மணிக்குத் தெரியாத இலக்கம் ஒன்று அடித்தது.

"நான் மாதகல் இராசநாயகம் கதைக்கிறன், தங்கச்சி. அந்த மஞ்சள் வள்ளத்தை நேற்றுக் கண்டனான்."

லவீனா எழும்பி நின்றாள். "எங்கை? எத்தினை மணிக்கு?"

"பன்ரண்டரை இருக்கும். கரையிலை இருந்து எட்டு மைல், நேர் வடமேற்கு. நான் விடியவே போயிட்டன். சாவெண்டு போனிலை வர, எல்லாரும் இழுத்து வைச்சிட்டினம் எண்டு வலையைத் தூக்கிக்கொண்டு திரும்பினன். வழியிலை தூரத்திலை கண்டன். படங்குத் துணி மூடிக் கிடந்தது, ஆக்கள் தெரியேல்லை." என்றவர் தொடர்ந்தார். "செத்த ஆக்களின்ரை வள்ளம் எண்டு நினைச்சன். பொலிஸ், விசாரணை எண்டு வரும், தொடக்கூடாது எண்டு வந்திட்டன். வந்து போனை நிப்பாட்டிப்போட்டுப் படுத்தனான். இப்பதான் உந்த மனிசியின்ரை குரலைக் கேட்டன்."

பன்னிரண்டரை. புது அறிவித்தல் போனது ஒன்றே முக்காலுக்கு. இந்தக் கணக்கை லவீனாவின் மூளை அவளைக் கேட்காமலே போட்டுவிட்டது.

இராசநாயகம் தானே முன்னுக்குப் போனார். அவருக்குப் பின்னால் பத்தொன்பது வள்ளம். வரைபடத்தில் அந்த இடத்தையும், இரவு முழுக்க அடித்த காற்றையும் வைத்து லவீனா ஒரு வட்டம் போட்டு அனுப்பினாள். பதினொன்றே காலுக்கு அடைக்கலநாதனின் கோல் வந்தது. இரைச்சலுக்குள் இரண்டு சொல்தான் விளங்கியது. "கிடைச்சிட்டுது" என்பது ஒன்று. "ஜஸ்ரின்" என்பது மற்றது. றொசாந்தி நிலத்தில் விழுந்து அழுதாள். லவீனாவும் அழுதாள், சிரித்தாள், பிள்ளையைத் தூக்கிச் சுற்றினாள். பிறகுதான் போன் இன்னும் காதில் இருப்பது நினைவு வந்தது.

"லெனாட்?" என்று கேட்டாள்.

"கரைக்கு வந்து கதைப்பம், பிள்ளை" என்றார் அவர்.

மாதகல் கரையில் ஜஸ்ரினை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். உதடு வெடித்து, தோல் உரிந்து, கண் உள்ளே போயிருந்தது. றொசாந்தி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அம்புலன்சுக்குள் ஏற்றுகிறபோது அவன் லவீனாவின் கையைப் பிடித்தான். தொண்டை காய்ந்து குரல் வரவில்லை, அவள் குனிந்துதான் கேட்டாள்.

"நேற்று மத்தியானம் ஒரு வள்ளம் வந்தது, லவீ. வெய்யிலுக்குப் படங்குக்குக் கீழை படுத்திருந்தனாங்கள். எஞ்சின் சத்தம் கேட்டு எழும்ப, அவங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு போறாங்கள். கத்தினம். சேட்டைக் கழட்டி வீசினன். கேக்கேல்லை. லெனாட் தண்ணிக் கலனை வெறுமையாக்கிக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு குதிச்சிட்டான். எட்டிப் பிடிச்சிடுவன் எண்டவன். நான் வேண்டாம் எண்டனான்." அவன் மூச்சு வாங்கினான். "எங்களைக் கண்டவங்கள்தானே. கண்டிட்டு ஏன் திரும்பினவங்கள்?"

ஆஸ்பத்திரிக்காரர் கதவை மூடப் பார்த்தார்கள். இன்னொரு நாளைக்குச் சொல்லலாம், அவன் தேறட்டும் என்று ஒரு நல்ல சாட்டு அவள் வாய்வரை வந்தது.

"என்னாலைதான், அண்ணை" என்றாள். "நீங்கள் செத்துப்போனியள் எண்டு சனம் நினைக்கிற மாதிரி நான் அறிவித்தல் போட்டிட்டன்."

ஜஸ்ரின் அவளைப் பார்த்தபடி இருந்தான். கையை எடுக்கவும் இல்லை, இறுக்கிப் பிடிக்கவும் இல்லை. கதவு மூடிக்கொண்டது.

அவள் வீட்டுக்கு வந்தபோது லெனாட்டின் தாய் செபஸ்தியம்மா மேசையடியில் இருந்தா. எவ்வளவு நேரமாக இருந்தாவோ தெரியாது. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணி இல்லை.

"மாமி, நான்..."

"தெரியும். ஊருக்கே நீதானே எழுதிப் போட்டனி. உன்னோடை கோவிக்க எனக்குக் காலம் கிடக்கு, அது பிறகு." லப்ரொப்பை அவள் பக்கம் தள்ளினா. "என்ரை மோன் கலனோடை குதிச்சவனாம். மூடி இறுக்கின கலன் தாழாது. நல்லா நீந்துவான். அவனைத் தேட ஒண்டு செய். ஜஸ்ரினுக்கு ரெண்டாந்தரம் செய்தியே, அது மாதிரிச் செய்."

அவன் குதித்து ஒரு முழு நாள் கழிந்துவிட்டது. லவீனாவுக்குத் தெரியும். கடற்காரனின் பெண்டாட்டியாக முப்பது வருடம் இருந்த செபஸ்தியம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? லவீனா லப்ரொப்புக்கு முன்னால் இருந்தாள். தோடம்பழ நிறத்தை விரித்தாள்.

"என்ன நிறச் சேட்டு போட்டவர், மாமி?"

"நீலம்."

கடலில் நீலம் தெரியாது. அதை அவள் சொல்லவில்லை. வெள்ளைக் கலன் ஒன்றின் படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக நடுவில் வைத்தாள். போன் இலக்கத்தை அடித்தாள். மேலே வரவேண்டிய வரிக்கு வந்ததும் விரல் ஓடவில்லை. செபஸ்தியம்மா கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்து, அவள் தோளில் கையை வைத்தா. கை பாரமாக இருந்தது.

"எழுது பிள்ளை. லெனாட் உயிரோடை இருக்கிறான் எண்டு எழுது."

லவீனா எழுதினாள்.